வேதாரணியத்து மருமகள்

கள்ளத்தோணி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாயில் எடுக்கக்கூடாது என்று நான் கட்டளையிட்டிருந்தேன். பத்திரிகையில், இந்தியாவிலிருந்து களவாக வள்ளத்தில் வந்தவர்களைப் பற்றி அந்தச் சொல் வந்தால் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிடுவேன். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமிட்டதிலிருந்து அது வராத நாளே இல்லை. ஆகவே 1965ஆம் ஆண்டு முழுவதும் எங்கள் வீட்டில் பத்திரிகை மடிந்தபடியேதான் கிடந்தது.

அப்போது நான் கிராமசபைத் தலைவர், ஊர் வழக்கில் அக்கிராசனர். யாழ்ப்பாணத்தை அடுத்த புங்குடுதீவில், மடத்துவெளியில், என் தகப்பனாருக்கும் அவருடைய தகப்பனாருக்கும் கோயில் திருவிழாவில் முதல் மரியாதை இருந்தது. என் வீட்டுப் படலையைத் தாண்டிப் பொலிசுக்காரன் எவனும் வந்ததில்லை. வரவேண்டிய தேவையும் இருந்ததில்லை. அந்த வருடம் தை மாதக் கடைசியில் என் மூத்த மகன் பாலசிங்கம் கலியாணம் முடித்தான். அதன் பிறகு படலைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நானே எழுந்து போய்ப் பார்த்தேன்.

மருமகள் அம்பிகை வேதாரணியத்துப் பிள்ளை. அந்நியமல்ல. என் பெரியப்பாவின் மகள், எனக்கு அக்கா முறையானவர், அந்தக் காலத்தில் வேதாரணியத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய பிள்ளைதான் அம்பிகை. என் தகப்பனார் காலத்தில் இங்கிருந்து புகையிலையும் பனைமரமும் ஏற்றிக்கொண்டு வத்தைத் தோணி போகும். அங்கிருந்து அரிசியும் ஓடும் ஏற்றிக்கொண்டு வரும். கலியாணங்களும் அப்படித்தான் போய் வந்தன. அதை அன்று யாரும் களவு என்று சொல்லவில்லை.

அம்பிகைக்கும் சாதகம் பார்த்து, நாள் வைத்து, இலங்கைக்கு வர முறைப்படி அனுமதியும் எழுதிக் கேட்டிருந்தோம். அனுமதி வரவில்லை. மார்கழியில் புயல் வந்து தனுஷ்கோடியைக் கடலுக்குள் கொண்டுபோனது. தலைமன்னார்க் கப்பல் நின்றுவிட்டது. நாள் வைத்த கலியாணத்தை நிறுத்தி, அக்காவின் பிள்ளையை ஊர் வாயில் போடுவதற்கு நான் ஆயத்தமாக இல்லை. வள்ளம் பிடிக்கச் சொன்னது நான்தான். அதை நான் பிழையென்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. நயினாதீவில் அம்மன் சந்நிதியில் தாலி கட்டினார்கள். ஊருக்குப் பெண் தலைமன்னார்ப் பக்கம் என்று சொன்னோம்.

அந்நாளில் யாரிடமும் அடையாள அட்டை கிடையாது. வாய்தான் அட்டை. கள்ளக் குடியேற்றம் தடுக்க வந்த இராணுவத்தாரோடு தமிழ் தெரிந்த ஒருவர் வருவார். சந்தேகப்பட்ட ஆளைக் கூப்பிட்டு வைத்து நாலு கதை கேட்டு, அது எந்தக் கரைத் தமிழ் என்று பார்ப்பார். அவ்வளவுதான். ஆகவே என் மனைவி அன்னபூரணம் மருமகளுக்கு எங்கள் தமிழைப் பழக்கினாள். ஆமா இல்லை, ஓம். நாற்காலி இல்லை, கதிரை. உட்காருங்க இல்லை, இருங்கோ. முடியாது இல்லை, ஏலாது. அடுப்படி இல்லை, குசினி. அந்தப் பிள்ளை கெட்டிக்காரி. சித்திரை வருவதற்குள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பக்கத்துத் தீவு வேலணைப் பெட்டை ஒன்று கதைக்கிறது என்றுதான் தோன்றும். மகன் தெற்கே மாத்தறையிலுள்ள தன் கடைக்குத் திரும்பிப் போனபோது, அவள் படலையில் நின்று, "கவனமாப் போட்டு வாங்கோ" என்றாள். பக்கத்து வேலியடியில் நின்றவர்கள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. புரட்டாதியில் அவள் வயிறு வெளியே தெரிந்தது.

அந்தப் புரட்டாதியில்தான் இராணுவ முகாமிலிருந்து செய்தி வந்தது. கரையோரக் கிராமசபைகள் எல்லாம் கூட்டம் கூட்டி, கள்ளக் குடியேற்றத்தைப் பற்றிச் சனங்களோடு விவாதித்து, ஒத்துழைப்பதாகத் தீர்மானம் எடுத்தால் நல்லது என்று. கட்டாயம் என்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்துத் தீவுகள் எடுத்துவிட்டன. எங்கள் சபையில் அந்தத் தீர்மானத்தைத் தான் கொண்டுவருவதாகத் தம்பு முந்திக்கொண்டு சொல்லிவிட்டான்.

தம்பு எனக்கு இரண்டு வளவு தள்ளி இருப்பவன். என்னை அண்ணை என்பவன். தெற்கே ஒரு பட்டினத்தில் நல்ல கடை வைத்திருந்தான். ஐம்பத்தெட்டு இனக்கலவரத்தில் சிங்களக் கும்பலால் கடை போயிற்று. கட்டின வேட்டியோடு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்திறங்கியவன். இப்போது சந்தியில் ஒரு சின்னக் கடை. சபையில் அங்கத்தவன். நல்லவன், ஆனால் ரோசக்காரன். அவனுடைய தீர்மானத்தில், புதிதாய் வந்தவர்கள் இருக்கிறார்களா என்று வீடு வீடாகப் பார்க்கவேண்டும் என்று ஒரு வரி இருப்பதாக எனக்குக் காதில் விழுந்தது.

பள்ளிக்கூடத்தில் நடக்கவிருந்த கூட்டத்துக்கு முதல் நாள் மத்தியானம் சாப்பிடும்போது அன்னபூரணத்திடம் சொன்னேன்.

"அந்த ஒரு வரியை எடுக்கச் சொல்லித் தம்புவோட கதைக்கவேணும். கூட்டத்துக்கு முந்தி ஏலாட்டி, பள்ளிக்கூடத்திலை வைச்செண்டாலும் கதைக்கிறன்."

"அவன் கேப்பானே?"

"நான் சொன்னா ஏன் கேளான்?"

சோறு போட்டுக்கொண்டிருந்த அம்பிகை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கை அகப்பையோடு சற்று நின்றது.

அன்று பின்னேரம் நான் கோயிலுக்குப் போயிருந்தேன். அன்னபூரணம் ஆட்டுக்குக் குழை வெட்டப் பின் வளவுக்குப் போயிருக்கிறாள். தம்புவின் மனைவி நல்லம்மா ஒரு சுளகு கேட்டு வந்திருக்கிறாள். இவை எல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தன. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தம்புவைத் தேடி நான் சந்திக்குப் போனபோது அவன் என்னைக் கண்டும் காணாதவன் போலக் கடைப் பலகைகளைப் போடத் தொடங்கினான்.

"தம்பு, ஒருக்கா நில்லும். ஒரு கதை இருக்கு."

"கதையெல்லாம் நாளைக்கு எல்லாருக்கும் முன்னாலை கதைப்பம். நீங்கள் அப்பிடித்தானே விரும்புறியள்."

அவன் என்னைத் திரும்பிப் பாராமல் பலகைக்குத் தாழ்ப்பாள் போட்டான். விளங்காமல் வீட்டுக்கு வந்தேன். அம்பிகை வந்த வழி அவனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் பின்னேரம் பள்ளிக்கூட மண்டபத்தில் சனம் நிறைந்திருந்தது. இருக்க வாங்குகள் போதாமல் சுவரோடு சாய்ந்து நின்றார்கள். பெண்கள் வாசல் பக்கம். நான் அக்கிராசனர் கதிரையில் சால்வையைத் தோளில் நேராக விட்டுக்கொண்டு இருந்தேன். ஆரம்ப உரையை நான் முதலே நெஞ்சில் பாடமாக்கி வைத்திருந்தேன். சட்டத்துக்குக் கீழ்ப்படிவதும் விருந்தினரைப் பேணுவதும் இரண்டும் எமது மரபே என்று பொதுவாகச் சொல்லி முடித்தேன். கைதட்டினார்கள்.

தம்பு எழுந்தான்.

"நான் சுத்தி வளைக்கேல்லை. என்ர கடையை உடைக்க வந்தவங்கள் என்ன சொல்லிக் கத்திக்கொண்டு வந்தவங்கள் தெரியுமோ? கள்ளத்தோணி எண்டு. என்னை! என்ர கொப்பாட்டன் பிறந்தது இந்த மடத்துவெளியிலை. அவர் வெட்டின கிணத்திலை இப்பவும் தண்ணி அள்ளுறம். அங்காலை இருந்து வாறவனாலைதான் எங்களுக்கு இந்தப் பேர். அவன் வாறதை நாங்கள் மறைக்கிறம். மறைக்க மறைக்க நாங்களும் அவனும் ஒண்டெண்டு அவங்கள் நினைக்கிறாங்கள். இதுதான் மூலகாரணம். வேற காரணம் தேடித் திரியத் தேவையில்லை."

மண்டபம் அசைந்தது. அவன் சொன்னதில் பொய் இல்லை. என் மகனையும் மாத்தறையில் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பஸ்ரியாம்பிள்ளை மாஸ்ரர் எழுந்தார். அல்லைப்பிட்டிக்காரர், எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பவர்.

"தம்பு அண்ணை சொன்னது தன்ர மன நோ. காரணம் அதில்லை. அங்கை மழை இல்லை, வேலை இல்லை, அதாலை வெளிக்கிடுறான். சரி. வெளிக்கிட்டவன் ஏன் இஞ்சை வாறான்? நாங்கள் கூப்பிடுறம். புகையிலைக்குப் பட்டையாலை தண்ணி இறைக்கிறது ஆர்? தெற்கிலை எங்கட கடையளிலை விடியப்பறம் எழும்பித் தேத்தண்ணி ஆத்திறது ஆர்? அரைக் கூலிக்கு ஆள் வேணும் எண்டு சொல்லி அனுப்புறது நாங்கள். பிறகு வந்திட்டான் எண்டு கூட்டம் வைக்கிறதும் நாங்கள்."

பின்னாலிருந்து ஒரு குரல்: "மாஸ்ரர், அவங்கள் வாற வள்ளம் உங்கட அல்லைப்பிட்டி ஆக்களின்ரதெல்லோ!"

"வள்ளம் எங்கட. ஏறி வாற கூலியாள் உங்கட. பாதிப் பாதி!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. வாசலில் பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார்கள்.

"தம்பு அண்ணையின்ர கடையிலை நிண்ட இரண்டு பெடியளும் எந்த ஊர்?" என்று மாஸ்ரர் விடாமல் கேட்டார்.

தம்புவின் முகம் கறுத்தது. "வடக்கத்திப் பெடியள்தான், அக்கரையிலையிருந்து வந்தவங்கள். நான் இல்லையெண்டேனோ? நானும் செய்தனான். செய்ததாலைதான் சொல்லுறன், இனி நிப்பாட்டுவம் எண்டு."

"பசியை ஆர் நிப்பாட்டுறது?"

"பசியை நிப்பாட்ட எங்கட கிராமசபையாலை ஏலுமோ, மாஸ்ரர்? எங்களாலை ஏலுமான வேலையைச் செய்வம்."

இதற்கும் கைதட்டினார்கள். யார் எதைச் சொன்னாலும் தட்டினார்கள். விவாதம் இப்படியே பசியிலும் கூலியிலும் சுற்றிக்கொண்டிருந்தால் பொழுது பட்டுவிடும், பொழுது பட்டால் கூட்டத்தை ஒத்திவைக்கலாம் என்று நான் சன்னல் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, தீர்மானத்துக்கு வருவம்," என்றான் தம்பு. "வீடு வீடாய்ப் பாக்கவேணும். ஆர் வந்தது, எங்கத்தைய ஆள் எண்டு. அதிலை ஒரு திருத்தம். பெரிய வீட்டிலையிருந்து தொடங்கவேணும். அக்கிராசனர் வீட்டிலையிருந்து."

சிரிப்பு நின்றது. சுவரோடு நின்றவர்களும் நிமிர்ந்தார்கள். நான் முகத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

"ஏன் தம்பு என்ர வீடு?"

"ஏன் எண்டு கேக்கிறியளோ? உங்கட வீட்டுக்கு ஒரு நீதி, எங்களுக்கு ஒரு நீதியோ? நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்ததுக்கு, பள்ளிக்கூடத்திலை சனத்துக்கு முன்னாலை வைச்சுத் தம்புவைப் பேசுவன் எண்டு சொன்னனீங்களாம். பேசுங்கோ! வந்து நிக்கிறன். பேசுங்கோ பாப்பம்!"

"ஆர் சொன்னது?"

"உங்கட மருமகள்தான் என்ர மனிசிக்குச் சொன்னவ. 'மாமா நாளைக்குப் பள்ளிக்கூடத்திலை பேசுவார்' எண்டு. சிரிச்சுக்கொண்டு சொன்னவவாம்."

அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது.

எங்கள் ஊரில் ஒருவரோடு ஒருவர் கதைப்பார்கள். பேசுவது என்றால் ஏசுவது. "அம்மா பேசுவா" என்றால் பிள்ளை பயந்து ஓடும். மேடையிலும் புத்தகத்திலும் மட்டும் அந்தச் சொல் வேட்டி சால்வை கட்டிக்கொண்டு மரியாதையாக வரும். அக்கிராசனர் பேசினார், பிரதம பேச்சாளர் பேசினார் என்று நாங்களே எழுதுவோம். அதனால்தான் அன்னபூரணத்துக்கு அந்தச் சொல் நினைவுக்கு வரவில்லை, எனக்கும் வரவில்லை. கதிரையும் குசினியும் பழக்கிய நாங்கள் இதை விட்டுவிட்டோம். வேதாரணியத்தில் பேசுவது என்றால் கதைப்பது. நான் தம்புவோடு கதைக்கப்போகிறேன் என்று அந்தப் பிள்ளை நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்கிறது. மற்றச் சொற்கள் அத்தனையும் எங்கள் சொற்களாக அவ்வளவு திருத்தமாக இருந்தபடியால், இந்த ஒன்றும் எங்கள் சொல்லாகவே நல்லம்மாவின் காதில் விழுந்திருக்கிறது.

விளக்குவது சுலபம். ஒரு வசனம் போதும். 'தம்பு, அவள் அந்தக் கருத்தில் சொல்லவில்லை' என்று. அடுத்த கேள்வி, 'அப்ப எந்த ஊரிலை அண்ணை அப்பிடிச் சொல்லுவினம்?' என்று வரும். மண்டபம் முழுவதும் பதில் தெரிந்தவர்கள்.

விளக்காமல் இருந்தால் திருத்தம் வாக்குக்குப் போகும். நான் எதிர்த்தால் ஏன் எதிர்க்கிறார் என்பார்கள். எதிர்க்காவிட்டால் நாளைக் காலையில் என் படலை திறக்கும்.

நான் எழுந்து நின்றேன். எங்கள் குடும்பத்தில் ஆண்கள் கோயில் வாசலில் தவிர வேறெங்கும் தோளிலிருந்து சால்வையை இறக்கியதில்லை. எங்கள் முன்னால் மற்றவர்கள் இறக்கியதுதான் உண்டு. நான் அதை எடுத்துக் கையில் பிடித்தேன். வாசல் பக்கத்தில் ஒரு பெண் "ஐயோ" என்றது எனக்குக் கேட்டது.

"ஓம் தம்பு. நான் சொன்னனான். கோவத்திலை வீட்டிலை சொன்னனான். பிள்ளை கேட்டதைச் சொல்லியிருக்குது. பிழை என்ர. உம்மை நான் பேசியிருக்கக்கூடாது. எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறன், பொறுத்துக்கொள்ளும்."

தம்பு அடிபட்டவன் மாதிரி நின்றான். அவன் என்னோடு சண்டைக்கு ஆயத்தமாக வந்தவன். இதற்கு ஆயத்தமாக வரவில்லை. இரண்டு எட்டில் மேடைக்கு வந்து என் கையைப் பிடித்தான்.

"அண்ணை, சால்வையைப் போடுங்கோ. முதல் போடுங்கோ. சனம் பாக்குது."

திருத்தத்தைத் தம்பு திருப்பி எடுத்தான். தீர்மானத்தையே அடுத்த மாதத்துக்கு ஒத்திவைப்போம் என்று மாஸ்ரர் சொன்னார். எல்லோரும் கை உயர்த்தினார்கள். வழியில் ஒருவரும் என்னோடு சேர்ந்து நடக்கவில்லை. மரியாதைக்காகவா, வேறெதற்காகவா என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு நான் வருவதற்குள் செய்தி வந்துவிட்டது.

"உங்கட கொப்பர் உயிரோட இருந்தால் நாண்டுகொண்டு நிண்டிருப்பார்," என்றாள் அன்னபூரணம். "தம்புவுக்கு முன்னாலை! சந்தியிலை சீனி நிறுக்கிறவனுக்கு முன்னாலை!"

"அப்ப என்ன செய்யச் சொல்லுறாய்? உன்ர மருமகள் எந்த ஊர்த் தமிழ் கதைச்சவ எண்டு மண்டபத்துக்குப் பாடம் எடுக்கச் சொல்லுறியோ?"

குசினி வாசலில் அம்பிகை நின்றாள். நடந்ததைச் சொன்னேன். அவள் பழகிய தமிழ் எல்லாம் அந்த நேரத்தில் எங்கேயோ போய்விட்டது.

"பேசுறதுன்னா திட்டுறதா மாமா?" என்று கேட்டாள்.

"இஞ்சை அப்பிடித்தான்."

"எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாதுங்க."

அதற்குப் பிறகு அவள் கதைக்கவில்லை. அன்றிரவு இல்லை, மறுநாள் காலையிலும் இல்லை. கேட்டதற்குத் தலையாட்டினாள். எந்தச் சொல் எந்த இடத்தில் வெடிக்கும் என்று தெரியாத ஆள் வாயைத் திறக்காமல் இருப்பதுதானே நியாயம். ஆனால் வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் ஊமை மாதிரி வீட்டுக்குள் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க ஏலவில்லை.

மறுநாள் காலையில் படலை சத்தம் போட்டது. தம்பு. முகம் நித்திரை கொள்ளாத முகம். நான் கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை.

"அண்ணை, நான் இரவு நல்லம்மாவைத் திருப்பித் திருப்பிக் கேட்டனான். அவ சொன்ன சொல்லை அப்பிடியே சொல்லு எண்டு. 'தம்பு அண்ணையோட பேசுவார்' எண்டவவாம். 'ஓட' எண்டு. என்னைப் பேசுவார் எண்டில்லை. என்னோட பேசுவார்."

நான் படலை சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன்.

"என்ர கடையிலை நிண்ட பெடியன் ஒருத்தன், வந்த புதிசிலை, 'மொதலாளி, உங்களோட பேசணும்' எண்டான். முதலாளியைப் பேசுறதுக்கு உனக்கு என்ன துணிவு எண்டு கன்னத்திலை ஒண்டு வைச்சனான். அவன் அழுதுகொண்டு, தாய்க்குச் சுகமில்லை, ஊருக்குப் போகவேணும் எண்டு கேக்கத்தான் வந்தனான் எண்டான். பிறகு நாள் முழுக்க எனக்குச் சோறு இறங்கேல்லை." அவன் குசினிப் பக்கம் பார்த்தான். குரலைத் தணித்தான். "நீங்கள் செய்யாத பிழைக்குச் சால்வையை இறக்கினனீங்கள். ஏன் எண்டு எனக்கு இப்ப விளங்குது."

"விளங்கினால் இப்ப என்ன செய்யப்போறீர்?"

"நல்லம்மாவுக்கு நான் சொல்லேல்லை. ஒருத்தருக்கும் சொல்லன்."

"உபகாரம்."

"உபகாரம் எண்டு சொல்லாதேங்கோ." அவன் குரல் உயர்ந்தது. "தீர்மானத்தை நான் விடமாட்டன். நேற்றுச் சொன்னதிலை ஒரு சொல்லையும் நான் திருப்பி எடுக்கேல்லை. அடுத்த மாதம் திரும்பவும் கொண்டுவருவன். வீடு வீடாய் எண்ட வரியும் இருக்கும். என்ர கடையை எரிச்சவங்கள் எனக்கு வைச்ச பேரை நான் மறக்க ஏலாது, அண்ணை. உங்களுக்காக எண்டாலும் ஏலாது. அதுக்கு முந்தி இந்தப் பிள்ளைக்கு ஒரு வழி பாருங்கோ. பிள்ளை பிறந்தால் தாய் எங்கை பிறந்தவ எண்டு பதியக் கேப்பினம். அப்ப தலைமன்னார் எண்டு எழுதுவிப்பியளோ?"

எனக்குக் கோபம் வந்தது. சந்தியில் கடை வைத்திருப்பவன் என் முற்றத்தில் நின்று எனக்குத் தவணை தருகிறான். ஆனால் அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் மறைத்தால் நாளைக்கு என் பேரப்பிள்ளையும் மறைக்கவேண்டும். அவன் சொன்ன மூலகாரணத்தில் பாதி என் வளவுக்குள்தான் இருந்தது. மற்றப் பாதி வராத அனுமதியில் இருந்தது. இதை அவனுக்குச் சொன்னேன்.

"அனுமதி குடுத்திருந்தால் வள்ளம் ஏன் தம்பு? அதை ஏன் உம்மட தீர்மானத்திலை எழுதேல்லை?"

அவன் யோசித்தான். "எழுதலாம்," என்றான். "அதையும் எழுதுவம். நீங்கள் சொல்லித்தாங்கோ." படலையைச் சாத்திக்கொண்டு போய்விட்டான்.

அன்று முழுவதும் வீட்டில் வாக்குவாதம். யாழ்ப்பாணத்தில் எங்கள் வழக்குகளைப் பார்க்கும் பிரக்கிராசியார் ஒருவர் இருந்தார். தானாகக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அதிபரின் காரியாலயத்துக்கு, போய்ச் சொன்னால், புருசன் இந்த நாட்டுப் பிரசை என்பதை வைத்து இருக்க அனுமதி கேட்கலாம் என்று அவர் முன்பு ஒரு முறை சொல்லியிருந்தார். கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால் அன்றைக்கே தடுப்பு முகாமில் வைத்துக் கப்பல் தொடங்கியதும் அனுப்பிவிடுவார்கள்.

"வயித்துப் பிள்ளையோட கொண்டுபோய்க் குடுக்கப்போறியளோ?" என்று அன்னபூரணம் தலையில் அடித்துக்கொண்டாள். "கோழி பிடிக்கிறவனிட்டைக் கோழியைக் கொண்டுபோய்க் குடுப்பினமோ?"

"மகனுக்குச் சொல்லி அனுப்பிப்போட்டுப் போவம்."

"அவன் வரட்டும். பிறகு போங்கோ."

"அவன் வந்தால் பயந்து இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போடுவான். எனக்கு என்ர பிள்ளையைத் தெரியும்."

முடிவு அம்பிகையுடையது. நான் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். எங்கள் குடும்பத்தில் மருமகளைக் கேட்டு முடிவெடுக்கும் வழக்கம் இல்லை. அவள் தன்னுடைய ஊர்த் தமிழிலேயே சொன்னாள்.

"போவோம் மாமா. இந்தப் புள்ள பொறந்து அம்மான்னு கூப்பிடறப்ப நான் வாயத் தொறக்கப் பயந்துகிட்டு நிக்கணுமா? என்ன ஆனாலும் சரி, ஒரு தடவ கேட்டுப்புடுவோம்."

மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினோம். நான் கோட்டுப் போட்டிருந்தேன். சால்வை தோளில் இருந்தது. பஸ்ஸில் பாதி எங்கள் ஊர்ச் சனம், பாதி வேலணைச் சனம். "அக்கிராசனர், இருங்கோ இருங்கோ" என்று முன் இருக்கையில் இடம் தந்தார்கள். அம்பிகை எனக்குப் பின்னால் பெண்களோடு இருந்தாள். தாம்போதியில் இரண்டு பக்கமும் கடல் கலங்கிக் கிடந்தது. வேலணை கழிந்தது.

அல்லைப்பிட்டி தாண்டியதும் வழியில் மறித்தார்கள். இரண்டு இராணுவத்தார் ஏறினார்கள். வழமையாக வரும் தமிழ் தெரிந்த ஆள் அன்று வரவில்லை. அவர்களில் ஒரு சிங்கள இளைஞன் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தான். அம்பிகைக்கு முன்னால் நின்றான். ஏன் அவளிடம் நின்றானோ, தெரியாது.

"எங்கே போறது?" என்று கேட்டான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான் போலிருந்தது.

அவள் வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை.

நான் எழுந்து நின்றேன். தலைமன்னார் என்ற சொல் நாக்கில் வந்து நின்றது. இத்தனை மாதமாகச் சொல்லிப் பழகிய சொல். அதை விழுங்கினேன்.

"இவ என்ர மருமகள்," என்றேன். பஸ் முழுவதும் கேட்கும்படியாகத்தான் சொன்னேன், எனக்கு மெதுவாகச் சொல்லத் தெரியாது. "என்ர மகன் பாலசிங்கத்தின்ர பெண்சாதி. வேதாரணியத்திலை பிறந்தவ. தையிலை வள்ளத்திலை வந்தவ. வள்ளம் பிடிப்பிச்சது நான். அதைச் சொல்லத்தான் கச்சேரிக்குப் போறம்."

முன்னாலிருந்தவர்கள் எல்லோரும் பின்னால் திரும்பி அம்பிகையைப் பார்த்தார்கள்.

இராணுவத்தான் என் கோட்டைப் பார்த்தான், சால்வையைப் பார்த்தான். நான் சொன்னதில் அவனுக்கு விளங்கியது ஒரு சொல்தான்.

"ஆ, கச்சேரி. சரி சரி, போங்கோ," என்றான். இறங்கிப்போய்க் கையைக் காட்டினான்.

பஸ் புறப்பட்டது. விளங்காதவன் இறங்கிவிட்டான். விளங்கியவர்கள் எல்லோரும் என்னோடுதான் இருந்தார்கள். பின்னேர பஸ்ஸில் அவர்கள் ஊருக்குத் திரும்புவார்கள். இருட்டுவதற்குள் இந்தக் கதை ஒவ்வொரு வளவுக்கும் போய்விடும். நாங்கள் இருவரும் திரும்புவோமா, நான் மட்டும் திரும்புவேனா என்பது கச்சேரியில் எவரோ ஒருவருடைய வாயில் இருந்தது. சால்வையைத் தோளில் நேராக விட்டுக்கொண்டு என் இடத்தில் இருந்தேன்.

கொஞ்சத் தூரம் போன பிறகு, அம்பிகைக்குப் பக்கத்தில் இருந்த வேலணைப் பெண் ஒருத்தியின் குரல் கேட்டது.

"எத்தினை மாதம் பிள்ளை?"

அம்பிகை என் முதுகைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் திரும்பவில்லை. பண்ணைக் கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணப் பட்டினத்துக் கட்டிடங்கள் தெரியத் தொடங்கியிருந்தன. எனக்குப் பின்னால் அவள் தன் ஊர்த் தமிழிலேயே மறுமொழி சொல்ல ஆரம்பித்தாள்.